ஞாயிறு காலையில் தண்ணீர் முறை வந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களில் கமக்காரர் இருக்கிறார், தொழிற்சாலையில் தைப்பவர் இருக்கிறார், கடலுக்குப் போகிறவரும் படிக்கிற பிள்ளையும் இருக்கிறார்கள். கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: ஆண்டவருக்கென்று நேரம் எங்கே மிஞ்சுகிறது? பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எங்கள் வாய்க்காலுக்கு ஞாயிறு காலை முறை விழுந்துவிட்டது. ஆராதனையும் அதே நேரம். மடை திறக்கப் போவது பாவமா? போகாவிட்டால் பயிர் வாடும்.
– கமக்காரர், முரசுமோட்டை

பதில்: போய் மடையைத் திறவுங்கள். அது நீங்கள் தெரிந்தெடுத்த நேரமல்ல. தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வயல் வெடித்துக் கிடக்கும். நீங்கள் பிந்தினால் கீழ்வாய்க்கால்காரரின் முறையும் குழம்பும். ஓய்வுநாளில் துரவில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடாதவன் யார் என்று இயேசு கேட்டது (லூக்கா 14:5) இப்படிப்பட்ட காலைக்குத்தான்.

ஆனால் அந்த மாட்டை எல்லா ஞாயிறும் துரவில் தள்ளக் கூடாது. விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஏழாம் நாள் ஓய்ந்திரு என்கிறது யாத்திராகமம் 34:21. வேலை இல்லாத மாதத்தில் ஓய்வது எவருக்கும் எளிது. கமக்காரனுக்கு நெருக்கடி எப்போது என்று தெரிந்தே எழுதிய வசனம் அது. ஆகவே ஞாயிறில் வந்து நிற்கும் வேலையைப் பார்த்து ஒன்று கேளுங்கள்: இது தானாக வந்ததா, நான் கொண்டுவந்து விட்டதா? முறைத் தண்ணீர், உடைந்த வரம்பு, பயிருக்குள் இறங்கிய மாடு, இவை தானாக வந்தவை. பசளை எறிவதும் களை பிடுங்குவதும் அப்படியல்ல. யூரியா ஒரு நாள் பிந்தியதால் எந்தப் பயிரும் சாகவில்லை.

விதைப்பைப் பாருங்கள். விதைநெல் 24 மணி நேரம் ஊற வேண்டும், பிறகு 48 மணி நேரம் முளைகட்ட வேண்டும். வியாழன் காலை ஊறப்போட்டால் ஞாயிறு காலை விதைக்கிற பதத்தில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. முளை நீண்டால் எறியும்போது முறியும். வெள்ளி காலை ஊறப்போட்டால் அதே விதை திங்களுக்கு வரும். ஞாயிறு பறிபோவது பெரும்பாலும் ஞாயிறில் அல்ல, அதற்கு முந்திய வியாழனில்தான்.

முறைக்கும் வழி உண்டு. கமக்காரர் அமைப்பில் முறைப் பட்டியல் போடும்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள். பட்டியல் முடிந்த பிறகென்றால் பக்கத்து வயல்காரருடன் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குப் போகிற நாளில் அவருடைய மடையை நீங்கள் பார்த்தால், உங்கள் ஞாயிறை அவர் பார்ப்பார். இதில் பிழை நேர்கிற இடம் ஒன்று உண்டு: வாய்மொழியாக இருவரும் மாற்றிக்கொண்டு, தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குச் சொல்லாமல் விடுவது. பிறகு தண்ணீர் திருடியதாக வழக்கு வரும். மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராயின் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். மற்றச் சபைகளில் மாலை ஆராதனை உண்டா என்று கேளுங்கள்.

அறுவடைக்கு வெட்டு மெசின் வரும் நாளும் உங்கள் கையில் இல்லை. மெசின்காரர் தனித்தனி வயலாக அல்ல, ஒட்டிய வயல்கள் சேர்ந்த வெளி வெளியாகத்தான் வருவார். எனவே தனியாகக் கேட்டுப் பலனில்லை. ஒட்டிய வயல்காரர் நாலு பேராகச் சேர்ந்து ஒரு கிழமை முன்னதாகச் சொல்லுங்கள். விளைந்த கதிர் ஒன்றிரண்டு நாள் நின்றால் பாதகமில்லை. ஒரு கிழமை நின்றால் மணி கொட்டும், குற்றும்போது அரிசி முறியும். மழை கறுத்துக்கொண்டு வந்தால் இந்தப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ (எபேசியர் 5:16) என்றால் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்பதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

பதில்: இல்லை. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்குள் ‘அகோரா’ ஒளிந்திருக்கிறது, அது சந்தை. சந்தையிலிருந்து விலைகொடுத்து எடுத்துக்கொண்டு வருவதுதான் பொருள். கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்வதும் இதே சொல்லால்தான். ஒரு வேடிக்கை: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் தானியேல் 2:8இலும் இச்சொல் வருகிறது. அங்கே கல்தேயர் காலம் கடத்துகிறார்கள் என்று ராஜா சீறுகிறான். ஒரே சொல், ஒருவன் காலத்தை வாங்குகிறான், இன்னொருவன் இழுத்தடிக்கிறான்.

வாங்குவதென்றால் விலை உண்டு. மாலையில் அரை மணி நேரம் வேண்டுமானால் எதையோ கொடுத்தாக வேண்டும். தொடர் நாடகத்தையோ, கடைவாசல் பேச்சையோ. கொடுக்காமல் கிடைக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. நாளை முழுக்க வேலையால் அடைப்பது இந்த வசனத்தின் எண்ணமல்ல. அதற்குப் பின் வருவதை வாசித்துப் பாருங்கள்: மனைவி, கணவன், பிள்ளைகள், வேலைக்காரர், எஜமான். பவுலுக்குக் காலம் என்பது முதலில் ஆட்களோடு சம்பந்தப்பட்டது. சீஷருக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது, தனித்துச் சற்றே இளைப்பாற வாருங்கள் என்று இயேசுவே அழைத்தார் (மாற்கு 6:31).

கேள்வி: ஆடைத் தொழிற்சாலையில் வேலை. 5.30க்கு பஸ், வீடு வர மாலை 6.30. சனி 2.30க்கு வருவேன். இரண்டு பிள்ளைகள். 4 மணிக்கு எழும்புகிறேன், படுக்க 10 ஆகிறது. வேதம் வாசிக்க முடிவதில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் நித்திரை வருகிறது. 3 மணிக்கு எழும்பட்டுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: எழும்ப வேண்டாம் சகோதரி. முதலில் உங்கள் கிழமையை எண்ணிப் பார்ப்போம். மொத்தம் 168 மணி. வேலையும் பயணமும் வார நாளில் 13 மணி, ஐந்து நாளைக்கு 65, சனி 9, ஆக 74. நித்திரை நாளுக்கு 6, மொத்தம் 42. சமையல், பிள்ளைகள், உடுப்புத் தோய்த்தல் நாளுக்கு 4 என்று வைத்தால் 28. மிச்சம் 24 மணி. ஆனால் அது எங்கே கிடக்கிறது என்பதுதான் விஷயம். வார நாளில் ஒவ்வொரு மணி, சனியில் 5, ஞாயிறில் 14.

வார நாளின் அந்த ஒரு மணி நேரமும் ஒரு துண்டாக இராது. பத்தும் ஐந்துமாகச் சிதறிக் கிடக்கும். அதில் முக்கால் மணி அமைதி நேரம் தேடினால் கிடைக்காது. கிடைக்காததால் குற்ற உணர்ச்சி, குற்ற உணர்ச்சியால் அடியோடு விடுவது, இப்படித்தான் பலருக்கும் நடக்கிறது. வார நாளுக்குச் சிறியது, சனிக்குப் பெரியது என்று பிரியுங்கள்.

சிறியதை மணிக்கூட்டில் மாட்டாமல் ஏற்கெனவே தவறாத ஒரு வேலையில் மாட்டுங்கள். அடுப்பில் கேத்தலை வைத்ததும் ஒரு சங்கீதத்தின் நாலு வரி. பிள்ளைகளை எழுப்பும்போது தலையில் கைவைத்து ஒரு வசன ஜெபம். மணிக்கூட்டு நேரம் பிந்தினால் அன்றைய ஜெபமும் போய்விடும். கேத்தல் எப்படியும் வைப்பீர்கள். கத்தோலிக்கர் மூவேளைச் செபத்தை மணி அடித்ததும் சொல்வதும் இந்த முறைதான்.

பஸ்ஸில் வாசிக்க வேண்டாம், கேளுங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வார நாளுக்கு ஒன்று, கிழமைக்கு ஐந்து, 52 கிழமையில் சரியாக முடியும். ஒரு அதிகாரம் பெரும்பாலும் சில நிமிடம்தான். தவறியதைச் சனியில் சேர்த்துக் கேளுங்கள். ஒலிப்பதிவை முதல் நாள் இரவே போனில் இறக்கி வையுங்கள். பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும், டேட்டாவும் கரையும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மாற்கிலிருந்து தொடங்குவது நல்லது, 16 அதிகாரம்தான். நேரே ரோமருக்குப் போகிறவர்கள் மூன்றாம் நாளில் தூங்குகிறார்கள்.

பெரியது சனி மாலை. வந்ததும் ஒரு மணி நேரம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது கடன் தீர்ப்பது. எழும்பி முகம் கழுவி முக்கால் மணி நேரம் வேதத்தோடு இருங்கள். அந்த நேரம் உங்களுக்கு நித்திரை வராது.

3 மணி பற்றி: மெதடிஸ்த சபைக்கு வித்திட்ட ஜோன் வெஸ்லி 4 மணிக்கு எழும்பியதைப் பிரசங்கங்களில் சொல்வார்கள், அவர் இரவு 10க்கு முன்பே படுத்துவிடுவார் என்பதைச் சொல்வதில்லை. நடு இரவில் விழிப்பு வருகிறதே, அளவுக்கு மேல் தூங்குகிறேனோ என்று சந்தேகப்பட்டு அலாரம் வாங்கினார். முதல் நாள் 7, அடுத்து 6, பிறகு 5, நாலாம் நாள் 4 என்று குறைத்தார். அதன்பின் இரவில் விழிப்பு வரவில்லை. ஆண்களுக்கு 6 மணிக்குச் சற்று மேலும், பெண்களுக்கு 7 மணிக்குச் சற்று மேலும் நித்திரை வேண்டும் என்பது அவர் கணக்கு. அதன்படி பார்த்தாலே நீங்கள் ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கிறீர்கள். நித்திரைக் கண்ணோடு தையல் மெசினில் இருந்தால் ஊசி விரலில் ஏறும். ‘தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்கிறது சங்கீதம் 127:2.

கேள்வி: கார்த்திகைக்குப் பிறகு கடல் கொந்தளித்தால் கிழமைக்கணக்கில் தொழில் இல்லை. பொழுது போகவில்லை, பொழுதைப் போக்கும் இடங்களுக்குப் போனால் காசும் போகிறது.
– தொழிலாளி, முல்லைத்தீவு

பதில்: யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அழைத்தபோது அவர்கள் படவில் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள் (மாற்கு 1:19). வலையைப் போலவே இயந்திரத்தையும் கவனிக்க இதுதான் காலம். நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள், பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், கியர் ஒயிலை இறக்கிப் பாருங்கள். பால் நிறமாக வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது. இப்போதே மாற்றாவிட்டால் நடுக்கடலில் கியர் பிடிபடும். இந்த வேலைகளைக் காலையில் வையுங்கள். சாராயத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் கூட்டம் சேருவது மத்தியானத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில்தான் கையில் வேறு வேலை இருக்க வேண்டும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வருவதும் அப்போதுதான். கடல் நாட்களில் அவர்களை விழித்த நிலையில் பார்ப்பதே அரிது. திருவருகைக் காலமும் நத்தாரும் சரியாக இந்தக் கொந்தளிப்பில் வருவது மீனவக் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகை என்றே சொல்லலாம்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். ஞாயிறு காலை 7 முதல் 1 மணிவரை ரியூசன். சோதனை முடியக் கோயிலுக்குப் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். அம்மா அழுகிறா.
– மாணவன், மல்லாவி

பதில்: உயர்தரத்துக்கு இரண்டு வருடம், அதாவது ஏறத்தாழ நூறு ஞாயிறு. நூறு ஞாயிறு போகாத கால் நூற்றோராவது ஞாயிறு தானாகத் திரும்பாது. அதே ஆசிரியர் அதே பாடத்தை வேறு நாளில் வேறிடத்தில் எடுக்கிறாரா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் எடுப்பார். இல்லையென்றால் எந்த வகுப்பு என்று பிரித்துப் பாருங்கள். புதுப் பாடம் நடக்கும் வகுப்பைத் தவறவிடுவது கடினம். வினாத்தாள் வகுப்பென்றால் தாளை வாங்கி வந்து வீட்டில் நேரம் பிடித்துச் செய்து, திங்களன்று திருத்திக்கொள்ளலாம். போதகரிடமும் பேசுங்கள். மாணவருக்காக 6 மணிக்கு ஒரு மணி நேர ஆராதனை வைப்பது முடியாத காரியமல்ல.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறோம். நேரம் போவது கோயிலில் அல்ல, போனில். அன்ரொயிட் போனில் செற்றிங்ஸுக்குள் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்று இருக்கும். திறந்தால் இன்று எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்று காட்டும். ரிக்ரொக்குக்கும் யூரியூப்புக்கும் நாளுக்கு 20 நிமிடம் என்று அங்கேயே வரம்பு போடலாம். முடிந்ததும் செயலி மூடிக்கொள்ளும், நள்ளிரவில் கணக்குப் புதிதாகத் தொடங்கும். ஓட்டை எதுவென்றால், போட்ட வரம்பை நீங்களே நீக்கிவிடலாம். அதனால் இரவு 9க்குப் போனை அம்மாவின் அறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, எழும்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்குங்கள்.

கேள்வி: குடும்ப ஜெபம் 8 மணிக்கு. சரியாக அந்த நேரம்தான் வெளிநாட்டு உறவுகள் வட்ஸ்அப்பில் எடுக்கிறார்கள். எடுக்காவிட்டால் கோபம்.
– குடும்பத் தலைவி, அடம்பன்

பதில்: அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. உங்கள் 8 மணி, கோடையில் ரொறன்ரோவில் காலை 10.30, இலண்டனில் பிற்பகல் 3.30. நீங்களே நேரம் குறித்துக் கொடுங்கள். ரொறன்ரோக்காரர் இரவு 9க்கு எடுத்தால் உங்களுக்கு விடியற்காலை 6.30. இலண்டன்காரரின் ஞாயிறு காலை 10 உங்களுக்குப் பிற்பகல் 2.30. அங்கே குளிர்காலத்தில் மணிக்கூட்டை மாற்றுவார்கள். அப்போது இரண்டுக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். இதை நினைவில் வைக்காவிட்டால் கார்த்திகையில் அழைப்பு ஒரு மணி நேரம் பிந்தி வரும். எடுத்தேவிட்டால் ஒலிபெருக்கியில் போட்டு ஜெபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேரம் பார்த்து எடுப்பார்கள், அல்லது ஜெபத்துக்கென்றே எடுப்பார்கள்.

கேள்வி: நேரத்திலும் தசமபாகம், நாளுக்கு 2 மணி 24 நிமிடம் என்று போதிக்கிறார்கள். உண்மையா?
– மாங்குளம்

பதில்: 1440 நிமிடத்தில் பத்திலொன்று 144 என்பது கணக்காகச் சரி. வேதத்தில் தசமபாகம் நிலத்தின் விளைவுக்கும் மரத்தின் கனிக்கும் மந்தைக்கும்தான் (லேவியராகமம் 27:30–32). நேரத்துக்குச் சொல்லப்பட்டது ஏழில் ஒரு நாள்.

கேள்வி: என் கணவர் போதகர். வீடு சந்திப்பு, உபவாச ஜெபம், இரவு ஜெபம், செத்த வீடு, ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. சொன்னால் ஊழியத்துக்குத் தடை என்கிறார்.
– வாசகி, நெடுங்கேணி

பதில்: யாத்திராகமம் 18ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். காலை முதல் மாலைவரை சனங்கள் மோசேயின் முன் நின்றதைக் கண்டு, இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், சனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொன்னவர் மாமனார். மனைவியையும் பிள்ளைகளையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில்தான் அதைச் சொன்னார் என்பதையும் கவனிக்கட்டும்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு மாதத்து வேலையைக் கொப்பியில் எழுதி, போதகரே செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும் அடையாளமிடட்டும். செத்த வீடும் கடும் நோயாளியும் அவருடையவை. வழமையான வீடு சந்திப்பை மூப்பர்கள் இருவர் இருவராகச் செய்யலாம். பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுவதும் ஒலிபெருக்கி கட்டுவதும் நிச்சயமாக அவர் வேலையல்ல. பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்த் திருத்திக்கொண்டிருந்தால் கொடுத்ததாகாது. மூப்பர் முதல் மூன்று மாதம் பிழைவிடத்தான் செய்வார்.

6 மணிக் கூட்டம் 7க்குத் தொடங்குவதும் சின்ன விஷயமல்ல. முப்பது பேர் ஒரு மணி நேரம் காத்திருந்தால் சபையின் முப்பது மணி நேரம் போயிற்று. இரண்டு பேர் இருந்தாலும் 6க்குத் தொடங்கட்டும். தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் அறிவிக்கட்டும். நேரத்தோடு வருகிறவர்களைத் தண்டித்துப் பிந்தி வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிற வழக்கம் எங்கள் சபைகளில் எப்படி வேரூன்றியதோ! கிழமையில் ஒரு மாலையும் அவருடைய ஓய்வு நாளும் சபைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அநேகமாகத் திங்கள் சரிவரும். ஞாயிறு அவருக்கு வேலை நாள் அல்லவா?

கேள்வி: 20 வயதிலிருந்து இடப்பெயர்வு, மெனிக் பாம் முகாம், பிறகு தறப்பாள் கொட்டில். படிப்பும் தொழிலும் போய்விட்டன. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. காலத்தை மீட்டுக்கொள் என்றால் எந்தக் காலத்தை?
– வாசகர், விசுவமடு

பதில்: போன காலத்தை அல்ல. அதை மீட்கச் சொல்லி எந்த வசனமும் உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் வீணாக்கிய காலமும் அல்ல அது. வெட்டுக்கிளி தின்ற வருடங்களைத் தருவேன் என்று யோவேல் 2:25ஐ அரைகுறையாகச் சொல்லி ஆறுதல்படுத்துவார்கள். தமிழ் வேதாகமத்தில் ‘வருஷங்களின் விளைவை’ என்றிருக்கிறது. வருடம் திரும்பாது, விளைவு வரலாம். அந்த இழப்புக்காகத் துக்கப்பட ஒரு நேரம் எடுத்துக்கொள்வதும் நேரத்தை வீணாக்குவதல்ல. புலம்பல் என்று ஒரு புத்தகமே வேதத்தில் இருக்கிறது.

அந்த வருடங்களில் கை பழகிய தொழில் ஏதும் உண்டா? கொட்டில் கட்டியதில் தச்சோ மேசனோ, உடைந்த சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்துப் பூட்டியதில் மெக்கானிக்கோ? அப்படியானால் பாடநெறி படிக்காமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்பார்கள். நைற்றா என்று சொல்லப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. மதிப்பீட்டாளர் உங்கள் வேலையை நேரில் பார்த்துச் சோதிப்பார். இன்றிலிருந்தே செய்கிற ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் ஒன்று, பாதியில் ஒன்று, முடிந்தபின் ஒன்று என்று போனில் படம் எடுங்கள். வேலை கொடுத்தவர்களிடம் என்ன வேலை, எந்த மாதம் என்று குறித்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதியோடு எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். பலர் தடுக்கிவிழுவது கை வேலையில் அல்ல, மதிப்பீட்டாளர் வாய்மொழியாகக் கேட்கும் அளவுகளிலும் பாதுகாப்பு விதிகளிலும்தான். அவற்றை மட்டும் மாலையில் அரை மணி நேரம், உயர்தரம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.